அந்த வில்லனும் இந்த மனுஷனும் ஒரே ஆளா? – ஜான் மரியா வொலொந்தே பத்தி

ரொம்ப வருஷமா எனக்கு அவர் பேரே தெரியாது. ஹாஸ்டல்ல யாரோ கொண்டு வந்த சிடியில 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' பார்த்தோம், ரூம்ல இருந்த எல்லாரும் கிளின்ட் ஈஸ்ட்வுட் சுருட்டையும் அந்தப் போர்வையையும் பார்த்துட்டு இருந்தப்ப நான் மட்டும் வில்லனையே பார்த்துட்டு இருந்தேன். எல் இந்தியோன்னு பேரு. ஒரு பாழடைஞ்ச சர்ச்ல பிரசங்க மேடை மேல ஏறி நின்னு, தன்னோட கொள்ளைக் கூட்டத்துக்கு ஒரு தச்சன் கதை சொல்லுவான், பேங்க் பெட்டகத்தை மர அலமாரி மாதிரி செஞ்சு கொடுத்த தச்சன் கதை, அதை ஒரு பாதிரியார் பைபிள் கதை சொல்ற மாதிரியே சொல்லுவான். அப்புறம் அந்த பாக்கெட் வாட்ச். திறந்தா ஒரு சின்ன ட்யூன் வரும், அது நின்னதும் சுடணும், அதான் அவன் விதி. ட்யூன் ஓடும்போது அவன் கண்ணைப் பாருங்க. சுடப்போறவன் கண்ணு மாதிரியே இருக்காது, எதையோ இழந்தவன் கண்ணு மாதிரி கலங்கிப் போய் இருக்கும், சுட்டு முடிச்சதும் உடம்பெல்லாம் வேர்த்து கஞ்சா பீடி இல்லாம நிக்க முடியாம துவண்டு போவான். அந்த வாட்ச்சுக்குப் பின்னாடி அவன் செஞ்ச ஒரு கொடூரம் இருக்கு, அது படத்துல கடைசியிலதான் முழுசா தெரியும், ஆனா அந்த முகம் முதல் தடவையே சொல்லிடுது.

அதுக்கப்புறம் நாலஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒரு இத்தாலியப் படம் பார்த்தேன், ஃபேக்டரி தொழிலாளி கதை, ஹீரோ யாருன்னு தெரியாமலே ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு டைட்டில்ல பேரைத் தேடி, அந்தப் பேரை வெச்சு அவர் நடிச்ச படங்களோட லிஸ்ட்டைப் பார்த்தா அதுல எல் இந்தியோ இருக்கான். எனக்கு நம்பவே முடியல. அதே முகம்னு கண்டுபிடிக்கவே முடியல. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், இன்னைக்கு வரைக்கும் கிடைக்கற ஜான் மரியா வொலொந்தே படத்தையெல்லாம் தேடித் தேடிப் பார்த்துட்டு இருக்கேன். நம்ம ஊர்ல இத்தாலி நடிகர்னா மார்செல்லோ மாஸ்த்ரோயான்னியைச் சொல்லுவாங்க, ரொபெர்த்தோ பெனினியைச் சொல்லுவாங்க. இவரை செர்ஜியோ லியோனிங்கற டைரக்டர் எடுத்த ரெண்டு வெஸ்டர்ன் படத்தோட நிறுத்திடறாங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல அவரோட குரல் விஷயத்தைச் சொல்லிடறேன். 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' 1964ல வந்துச்சு, அமெரிக்கப் படம் மாதிரி காட்டணும்னு எல்லாருக்கும் இங்கிலீஷ் பேரு, டைரக்டர் செர்ஜியோ லியோனி பாப் ராபர்ட்சன் ஆனாரு, இசையமைப்பாளர் மோரிகோனி டான் சாவியோ ஆனாரு, வொலொந்தே ஜான் வெல்ஸ். பேரை மட்டும் மாத்தல, குரலையும் மாத்திட்டாங்க. இத்தாலிய பதிப்புல நாண்டோ கட்ஸோலோன்னு இன்னொரு நடிகர் அவருக்குக் குரல் கொடுத்தாரு, இங்கிலீஷ் பதிப்புல வேற ஒருத்தர். அடுத்து வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்'லயும் இதே கதைதான். அதாவது நான் ஹாஸ்டல்ல உக்காந்து மயங்கிப் பார்த்த அந்த சர்ச் பிரசங்கத்துல ஒரு வார்த்தை கூட அவர் வாயிலேருந்து வந்த குரல் கிடையாது, எனக்குக் கிடைச்சது வெறும் முகமும் உடம்பும்தான். டப்பிங் நமக்கும் பழகினதுதான், அழகான முகத்துக்கு வேற யாரோ குரல் கொடுக்கறதை நாம ஒரு விஷயமாவே எடுத்துக்கறது இல்ல. ஆனா வொலொந்தே இதை ஒரு விஷயமா எடுத்துக்கிட்டாரு. பின்னாடி 70கள்ல இத்தாலிய நடிகர்கள் நடத்தின போராட்டத்துல, ஒரு நடிகனோட முகத்துக்கு அவனோட சொந்தக் குரல்தான் இருக்கணும்னு கேட்டவங்கள்ல முன்வரிசையில நின்னவர் இவர்.

1933 ஏப்ரல் 9, மிலான்ல பொறந்தாரு, வளர்ந்தது துரின்ல. அப்பா மரியோ வொலொந்தே ஃபாசிஸ்ட். சும்மா கட்சி கார்டு வெச்சிருந்த ஃபாசிஸ்ட்டுன்னு நினைச்சுடாதீங்க, போரோட கடைசி வருஷங்கள்ல துரின் பக்கத்துல கிவாஸ்ஸோங்கற ஊர்ல 'கறுப்புப் படை'க்குத் தலைமை தாங்கினவரு, ஃபாசிஸ்ட்டுகளை எதிர்த்துச் சண்டை போட்ட பார்ட்டிசான் போராளிகளை வேட்டையாடின படை அது. போர் முடிஞ்சதும் ஜெயில். அம்மா வசதியான மிலான் குடும்பத்துலேருந்து வந்தவங்க, ஒரே அடியில வீட்ல காசும் இல்ல, பேரும் இல்ல. பையன் 14 வயசுல படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான், பிரான்ஸ் வரைக்கும் போய் ஆப்பிள் பறிச்சிருக்கான், திரும்பி வந்து ஊர் ஊரா போற நாடகக் குழுவுல சேர்ந்து அங்கேருந்து ரோம்ல இருக்கற தேசிய நாடகப் பள்ளிக்குப் போய் 1957ல படிச்சு முடிச்சான்.

அந்தப் பையன் கம்யூனிஸ்ட் ஆனான். இதை அப்பாவுக்கு எதிரா பையன் பண்ண கலகம்னு ஈஸியா சொல்லிடலாம், எனக்கு அப்படிச் சொல்லிட்டுப் போக மனசு வரல. அவர் நடிச்ச பாத்திரங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா அதிகாரம் ஒரு மனுஷனோட உடம்புக்குள்ள எப்படிப் போய் உக்காருதுங்கற கேள்வியை விடாம கேட்டுட்டே இருந்தாருன்னு தோணும். போலீஸ் அதிகாரி, மந்திரி, மாஃபியா தலைவன், எண்ணெய் கம்பெனித் தலைவர், நீதிபதின்னு வரிசையா. வீட்டுக்குள்ளயே யூனிஃபார்ம் போட்ட ஒருத்தரைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்தக் கேள்வி புஸ்தகத்துலேருந்து வந்திருக்காது.

நாடகத்துலயும் சும்மா இருக்கல. 1965ல ரோம்ல ஒரு ஜெர்மன் நாடகத்தைப் போடப் பார்த்தாரு, யூதர்களைக் கொன்னப்ப போப் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏன் வாயைத் திறக்கலன்னு கேக்கற நாடகம், அதுவும் வத்திக்கான் இருக்கற ஊர்லயே. போலீஸ் வந்து தடை பண்ணிடுச்சு. அதே வருஷம்தான் எல் இந்தியோவா நடிச்சிருக்காரு, நினைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் தியேட்டர்ல வசூல் கொட்டற வெஸ்டர்ன் வில்லன், இன்னொரு பக்கம் நாடகக் கொட்டகை வாசல்ல போலீஸோட மல்லுக்கட்டறாரு. அந்த வில்லன் மார்க்கெட்டை வெச்சுக்கிட்டே காலம் தள்ளியிருக்கலாம், இன்னும் ரெண்டு வெஸ்டர்ன் பண்ணாரு, ஆனா ரெண்டுமே அரசியல் உள்ள படம், அதோட குதிரையை விட்டு இறங்கிட்டாரு.

அதுக்கப்புறம் டைரக்டர் எலியோ பெத்ரி. பெத்ரியோட மொத்தம் நாலு படம், அதுல ரெண்டு எனக்கு உயிரு.

முதல்ல 'இன்வெஸ்டிகேஷன் ஆஃப் எ சிட்டிசன் அபவ் சஸ்பிஷன்', 1970. ரோம்ல கொலை வழக்குப் பிரிவோட தலைமை அதிகாரி, அரசியல் பிரிவுக்குப் ப்ரமோஷன் ஆகப் போற நாள்ல தன்னோட காதலியைக் கொன்னுட்டு, வேணும்னே கைரேகையை விட்டுட்டு, வேணும்னே தடயம் வெச்சுட்டு, போலீஸுக்கு தானே போன் பண்ணி சொல்லிட்டு, ஷாம்பெய்ன் பாட்டிலை எடுத்துட்டு ஆபீஸுக்குப் போறான். என்னை யாராவது சந்தேகப்பட முடியுமா, பார்ப்போம்ங்கறதுதான் படம். யாரும் சந்தேகப்பட மாட்டேங்கறாங்க. தடயம் மொத்தமும் அவனைக் காட்டுது, பார்க்கறவங்க கண்ணைத் திருப்பிக்கறாங்க. வொலொந்தே இதுல நடக்கற நடை இருக்கே, நெஞ்சை நிமித்தி, தலைமுடியைப் படிய வாரி, வார்த்தையைக் கடிச்சுக் கடிச்சுத் துப்பற சிசிலி உச்சரிப்புல, கீழ வேலை செய்யறவங்க கிட்ட உறுமிட்டு மேலதிகாரி முன்னாடி அதே உடம்பு சின்னப் பையன் மாதிரி சுருங்கறது. ஒரே ஷாட்டுக்குள்ள ரெண்டும் நடக்கும். அந்த ஆளு உள்ளுக்குள்ள ஒரு குழந்தை, அதுவும் அடி வாங்கி வளர்ந்த குழந்தைன்னு நமக்குப் புரியற நிமிஷம் இருக்கு, புரிஞ்சதும் பயம் இன்னும் கூடுது.

இந்தப் படம் வந்த நேரத்தையும் சொல்லணும். 1969 டிசம்பர் 12, மிலான்ல ஃபொன்தானா சதுக்கத்துல ஒரு பேங்க்ல குண்டு வெடிச்சு 17 பேர் செத்தாங்க. பழியை அரசாங்கமே வேண்டாம்னு சொல்ற அனார்க்கிஸ்ட்டுகள் மேல போட்டாங்க, விசாரணைக்குக் கூட்டிட்டுப் போன பினெல்லிங்கற ரயில்வே தொழிலாளி மூணு நாள்ல போலீஸ் ஆபீஸ் ஜன்னல்லேருந்து விழுந்து செத்துப் போனாரு. ரெண்டு மாசத்துல இந்தப் படம் தியேட்டருக்கு வருது, ஒரு போலீஸ் அதிகாரி கொலை பண்ணிட்டுத் தப்பிக்கற கதையோட. படம் அதுக்கு முன்னாடியே எடுத்து முடிச்சது, ஆனா ஜனங்க அதை அன்னைக்குப் பேப்பரைப் படிச்ச கண்ணோடதான் பார்த்திருப்பாங்க. வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிச்சு.

அடுத்தது 'தி வொர்க்கிங் கிளாஸ் கோஸ் டு ஹெவன்', 1971. நான் மேல சொன்ன ஃபேக்டரி படம் இதுதான். நான் இதைப் பார்த்தப்ப ஒரு பார்ட்ஸ் கம்பெனியில லைன்ல வேலை பார்த்துட்டு இருந்தேன், ரெண்டு வருஷம் பார்த்தேன், ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை பீஸ்னு டார்கெட், ஸ்டாப்வாட்சோட ஒருத்தர் வந்து பின்னாடி நிப்பாரு, பாத்ரூம் போனா கூட மனசுக்குள்ள பீஸ் கணக்கு ஓடிட்டே இருக்கும். படத்துல வொலொந்தே லுலு மாஸ்ஸா. 31 வயசு, 15 வருஷமா வேலை, வயித்துல அல்சர், ஃபேக்டரியிலயே வேகமான ஆளு. இவன் வேகத்தை வெச்சுத்தான் மத்தவங்களுக்கு டார்கெட் போடறாங்க, அதனால கூட வேலை செய்யற எல்லாருக்கும் இவனைக் கண்டா ஆகாது. எங்க லைன்லயும் அப்படி ஒருத்தர் இருந்தாரு. நான் அவரை எவ்வளவு வெறுத்தேன்னு இந்தப் படம் பார்க்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது, அந்த மனுஷன் ராத்திரி வீட்டுக்குப் போய் எப்படி இருப்பாருன்னு ஒரு நாள் கூட நான் யோசிச்சது இல்ல.

லுலுவுக்கு ஒரு நாள் விரல் போயிடுது மெஷின்ல. அதுக்கப்புறம் அவன் மாறறான், போராட்டத்துல இறங்கறான், வேலை போகுது, கூட இருந்த பொம்பளை போயிடறா. கேட் வாசல்ல விடியறதுக்கு முன்னாடி மாணவர்கள் மெகாஃபோன்ல கத்துவாங்க, இருட்டுல உள்ள போறீங்க, இருட்டுலதான் வெளிய வருவீங்க, இன்னைக்கு உங்களுக்கு சூரியன் கிடையாதுன்னு. டிசம்பர் மாச மார்னிங் ஷிஃப்ட்டுக்குப் போனவங்களுக்கு அது வசனம் மாதிரியே கேக்காது. எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்கறது வேற ஒரு சீன், வேலை போன லுலு வீட்ல தனியா இருந்துட்டு, வாங்கிக் குவிச்ச சாமானை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து இது எத்தனை மணி நேர வேலை, இது எத்தனை மணி நேரம்னு கணக்கு போடுவான். கணக்கு போட்டுட்டே போய் ஒரு பெரிய காத்தடிச்ச பொம்மை மேல பாஞ்சு அதோட சண்டை போடுவான். வொலொந்தே அதை அழுகையா நடிக்கல, சிரிப்பாவும் நடிக்கல, களைச்சுப் போன உடம்பு தன்னால என்ன பண்ணுமோ அதைப் பண்றாரு. படம் பார்த்த அடுத்த நாள் ஷிஃப்ட்ல நான் என் செல்போனை இத்தனை மணி நேரம்னு கணக்கு போட்டுப் பார்த்தேன், அதுக்கப்புறம் ரொம்ப நாள் எதை வாங்கினாலும் அந்தக் கணக்கு வந்துடும்.

இந்தப் படத்தை அன்னைக்கு இடதுசாரிகளே நிறைய பேர் ஏத்துக்கல, யூனியன்காரங்களையும் மாணவர்களையும் சேர்த்தே குறை சொல்லுதுன்னு கோபம். 1972ல கேன்ஸ்ல இது முதல் பரிசு வாங்கிச்சு, ஆனா தனியா வாங்கல, அந்த வருஷம் பரிசை ரெண்டு படத்துக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க, ரெண்டாவது படம் ஃப்ரான்செஸ்கோ ரோசியோட 'தி மத்தேய் அஃபேர்'. அதுலயும் ஹீரோ வொலொந்தேதான். ஒரே வருஷம், ஒரே மேடை, ரெண்டு படத்துக்கும் முதல் பரிசு, ஒண்ணுல மெஷின் முன்னாடி தேஞ்சு போற தொழிலாளி, இன்னொண்ணுல இத்தாலியோட எண்ணெய் எரிவாயு கம்பெனியைத் தூக்கி நிறுத்தி பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளையே எதிர்த்து நின்ன என்ரிகோ மத்தேய். மத்தேய் நிஜ மனுஷர், 1962 அக்டோபர்ல சிசிலியிலேருந்து மிலானுக்குத் திரும்பும்போது அவரோட குட்டி ப்ளேன் விழுந்து செத்தாரு, விபத்தா சதியான்னு இத்தாலி ரொம்ப காலம் கேட்டுட்டே இருந்துச்சு. இந்தப் படத்துக்காக மத்தேயோட சிசிலி நாட்கள் பத்தி தகவல் சேகரிச்சுட்டு இருந்த மவ்ரோ தெ மவ்ரோங்கற பத்திரிகையாளர் 1970 செப்டம்பர்ல பலெர்மோவுல தன் வீட்டு வாசல்லேருந்து கடத்தப்பட்டாரு. திரும்பி வரவே இல்ல, உடம்பும் கிடைக்கல. ஒரு சினிமாவுக்குத் தகவல் தேடினதுக்காகத்தான்னு நிறைய பேர் நம்பறாங்க. அன்னைக்கு அங்க படம் எடுத்தவங்க எந்த மாதிரி நாட்டுல நின்னு எடுத்தாங்கன்னு இதைவிட எனக்குச் சொல்லத் தெரியல.

அவர் வேலை செய்யற விதம் பத்தியும் சொல்லணும். ஸ்க்ரிப்ட் கைக்கு வந்ததும் தன்னோட வசனத்தைத் தன் கையாலயே நோட்டுல எழுதுவாராம், திரும்பத் திரும்ப, அந்த ஆளோட பேச்சு தன் கையெழுத்துக்குள்ள இறங்கற வரைக்கும். கூட வேலை செய்யறவங்களுக்கு அவரோட இருக்கறது சுலபமா இருக்கல, ஜான் பியர் மெல்வில் மாதிரி பிரெஞ்சு டைரக்டருக்கு அவரைப் பிடிக்கவே இல்ல. எதை நடிக்க மாட்டேன்னு சொல்றதுலயும் அவ்வளவு பிடிவாதம். 1975ல கம்யூனிஸ்ட் கட்சி சார்பா லாட்சியோ மாகாண சபைக்கு ஜெயிச்சுப் போனாரு, ஆறு மாசம் கூட ஒழுங்கா இருக்கல, ராஜினாமா பண்ணிட்டாரு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். ஆல்டோ மோரோ, பல தடவை இத்தாலிப் பிரதமரா இருந்த கிறிஸ்டியன் டெமாக்ரட் கட்சித் தலைவர்.

1976ல பெத்ரியோட கடைசியா சேர்ந்து பண்ண படம் 'தோதோ மோதோ', லியோனார்தோ ஷாஷாவோட நாவல்லேருந்து எடுத்தது. முப்பது வருஷமா இத்தாலியை ஆண்டுட்டு இருந்த கிறிஸ்டியன் டெமாக்ரட் கட்சிக்காரங்க மாதிரி இருக்கற பெரிய மனுஷங்க எல்லாம் தியானம் பண்ண பூமிக்கடியில ஒரு இடத்துல கூடறாங்க, ஒவ்வொருத்தரா சாகறாங்க. வொலொந்தேக்கு பாத்திரத்துக்குப் பேர் கூட கிடையாது, 'எம்' அவ்வளவுதான், ஆனா பார்த்த எல்லாருக்கும் தெரியும் அது மோரோன்னு. அந்த மெல்லிய குரல், யாரையும் நோகடிக்காம எல்லாரையும் கட்டிப் போடற பேச்சு, தொங்கின தோள். முதல் ரெண்டு நாள் எடுத்ததை பெத்ரி தூக்கிப் போட்டுட்டாரு, மோரோ மாதிரி அவ்வளவு அச்சு அசலா இருந்துச்சாம், பார்க்கவே சங்கடமா இருந்ததால. குறைச்சு நடிச்சதுக்கப்புறம் நாம பார்க்கற படமே அப்படி இருக்குன்னா தூக்கிப் போட்டது எப்படி இருந்திருக்கும்! கடைசியில 'எம்' சுடப்பட்டுச் சாகறாரு.

1978 மார்ச் 16, நிஜ மோரோ பார்லிமென்ட்டுக்குப் போற வழியில ஃபானி தெருவுல சிவப்புப் படைங்கற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு வழிமறிச்சு, கூட இருந்த அஞ்சு காவலர்களையும் சுட்டுக் கொன்னுட்டு அவரைக் கடத்திட்டுப் போனாங்க. 55 நாள். உள்ளேருந்து அவர் கடிதமா எழுதித் தள்ளினாரு, கட்சிக்காரங்களுக்கு, மனைவிக்கு, போப்புக்குப் போய்ச் சேரணும்னு, பேச்சுவார்த்தை நடத்துங்கன்னு. அரசாங்கம் முடியாதுன்னுடுச்சு, இது மோரோ எழுதற மாதிரியே இல்ல, இது அவர் இல்லன்னு கூட இருந்தவங்களே சொன்னாங்க. மே 9, ஒரு சிவப்பு ரெனோ 4 காரோட டிக்கியில உடம்பு கிடைச்சுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவரைக் கேலிப் படமா நடிச்சு திரையில சாகடிச்ச நடிகனுக்கு அந்த மே மாசம் எப்படி இருந்திருக்கும்? அதை அவர் எங்க என்ன சொன்னாருன்னு நான் தேடிட்டுப் போகல. அதைவிட பெரிய பதிலை அவர் 1986ல கொடுத்துட்டாரு. ஜுசெப்பே ஃபெர்ராரா எடுத்த 'தி மோரோ அஃபேர்' படத்துல மறுபடியும் மோரோவா நடிச்சாரு. இந்தத் தடவை பேரோட, நெத்திக்கு மேல அந்த வெள்ளை முடிக்கற்றையோட. ரெண்டு படத்தையும் அடுத்தடுத்த நாள்ல பார்த்தேன். அதே மெல்லிய குரல், அதே சாஞ்ச தலை, அதே நீளமான வாக்கியங்கள். முதல் படத்துல அந்தக் குரலைக் கேட்டா எரிச்சல் வரும், ஒரு நாடே இந்த வழவழப்புல மாட்டிக்கிட்டு கிடக்குதேன்னு. ரெண்டாவது படத்துல ஒரு இடுக்கான அறைக்குள்ள, தன்னைக் கொல்லப் போற சின்னப் பசங்க கிட்ட அதே குரல்ல பொறுமையா அரசியலை எடுத்துச் சொல்றாரு, மடியில பேப்பரை வெச்சு எழுதறாரு, எழுதறாரு, எழுதிட்டே இருக்காரு. வசனத்தையெல்லாம் தன் கையால எழுதிப் பழகின நடிகர், கடிதம் எழுதியே உயிரைக் காப்பாத்திக்கப் பார்த்த மனுஷனா நடிக்கறாரு. நான் அழுதுட்டேன். மோரோவோட கட்சி எனக்கும் உடன்பாடு இல்லாத கட்சிதான், வொலொந்தே வாழ்நாள் பூரா எதிர்த்த கட்சி. ஆனா முதல்ல கேலி பண்ண அதே உடம்பை பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் துளி கேலி இல்லாம, முழு மரியாதையோட திருப்பி எடுத்து மாட்டிக்கறதை நான் வேற எந்த நடிகர்கிட்டயும் பார்த்தது இல்ல. 1987 பெர்லின்ல சிறந்த நடிகர் பரிசு கொடுத்தாங்க.

அதுக்கு நடுவுல 1979ல ரோசியோட 'க்ரைஸ்ட் ஸ்டாப்ட் அட் எபோலி' இருக்கு. முசோலினி ஆட்சியில தெற்குல ஒரு மலை கிராமத்துக்கு நாடு கடத்தின மாதிரி அனுப்பப்பட்ட எழுத்தாளர் கார்லோ லேவியா வராரு. ஒரு ஃபாசிஸ்ட் கமாண்டரோட பையன், ஃபாசிஸத்தால துரத்தப்பட்ட துரின்காரரா நடிக்கறாரு. அதுல அவர் பேசறதே கம்மி, கிராமத்து ஜனங்க பேசறதைக் கேட்டுட்டு இருக்காரு, அந்தக் கேக்கற முகத்துக்காகவே நீளமான டிவி பதிப்பைத் தேடிப் பாருங்க. அப்புறம் 80கள் தொடக்கத்துல நுரையீரல் புற்றுநோய், ஆபரேஷன் பண்ணி ஒரு பக்க நுரையீரலையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வந்த படங்கள்ல அந்தப் பழைய உறுமல் இல்ல, மூச்சை எண்ணிச் செலவு பண்ற மாதிரி ஒரு நிதானம் வந்துடுச்சு. நுரையீரல் போன பிறகுதான் கேன்ஸ்ல சிறந்த நடிகர் பரிசே வாங்கினாரு, 1983ல, ஒரு சுவிஸ் கிராமத்துக்கு வந்து இறங்கற நொண்டற பத்திரிகையாளரா. 1990ல 'ஓபன் டோர்ஸ்', 1937 பலெர்மோ, மரண தண்டனை கொடுத்தே ஆகணும்னு எல்லாரும் நெருக்கற நேரத்துல முடியாதுன்னு நிக்கற ஒரு நீதிபதி, சத்தமே போடாம.

1994 கடைசியில கிரேக்க டைரக்டர் தியோ ஆஞ்சலோபுலோஸோட 'யூலிசிஸ் கேஸ்' படத்துக்காகப் போயிருந்தாரு. போர் நடக்கற சரயேவோவுல, பழைய சினிமா ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கற ஒரு கிழவர் வேஷம். அந்தக் கிழவர்கிட்ட நூற்றாண்டுத் தொடக்கத்துல எடுத்து இதுவரைக்கும் யாருமே கழுவிப் பார்க்காத மூணு ஃபிலிம் ரீல் இருக்கு, குண்டு விழற ஊர்ல உக்காந்து ரசாயனத்தை மாத்தி மாத்திக் கலந்து அந்தப் படத்தை வெளிய கொண்டு வரப் பார்ப்பாரு. ஷூட்டிங் நடுவுல டிசம்பர் 6ஆம் தேதி வடக்கு கிரீஸ்ல ஃப்ளோரினாங்கற ஊர்ல மாரடைப்புல செத்துப் போனாரு வொலொந்தே. வயசு 61. சார்தீனியா பக்கத்துல லா மத்தலேனா தீவுல புதைச்சாங்க, அவர் பாய்மரப் படகு ஓட்டின கடல் அது.

அந்த வேஷத்தை எர்லாண்ட் யோசெப்சன் எடுத்து நடிச்சாரு, படத்தை வொலொந்தேக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க. யோசெப்சன் ரொம்ப நல்லா பண்ணியிருக்காரு, அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா மூணு தடவை பார்த்துட்டேன், அந்தக் கிழவர் டேப் ரெக்கார்டரைப் போட்டுட்டு இருட்டறையில ரீலைத் தண்ணியில முக்கி முக்கி எடுக்கற சீன் வரும்போது, நான் திரையில இருக்கற முகத்தைப் பார்க்காம அந்தக் கையைத்தான் பார்க்கறேன்.